நுண்கலை அச்சுக்கு இங்க்ஜெட் பிரிண்டரும் மங்காத மையும்: முழுமையான வழிகாட்டி

புகைப்படத்தையோ ஓவியத்தின் நகலையோ விற்கும் தரத்தில் சொந்தமாக அச்சிட நினைப்பவர்கள் பலர் முதலில் பிரிண்டரை வாங்கிவிடுகிறார்கள். அதில் என்ன பேப்பர் போகும் என்று பிறகு தேடுகிறார்கள். மை மங்குமா என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. இந்த வரிசை அப்படியே தலைகீழாக வேண்டும். அச்சு எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை மையும் பேப்பரும் மாட்டும் இடமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அந்த மையையும் பேப்பரையும் ஏற்கும் இயந்திரத்தைத் தேடுவது அதற்குப் பிறகு வரும் வேலை.

1. அளவும் எண்ணிக்கையும்

உங்கள் படங்களில் பெரியது எந்த அளவில் தொங்க வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மேசை மேல் வைக்கும் தரமான பிரிண்டர்கள் இரண்டே அகலத்தில் வருகின்றன. 13 அங்குல வகை ஏ3+ தாள் வரை ஏற்கும், அதாவது 329×483 மி.மீ. 17 அங்குல வகை ஏ2 வரை, அதாவது 420×594 மி.மீ.

"எனக்கு ஏ3 போதும், 13 அங்குலம் வாங்கிக்கொள்கிறேன்" என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏ3+ தாளில் முழு ஏ3 படத்தை வைத்தால் அகலவாக்கில் ஓரத்துக்கு 16 மி.மீ. மட்டுமே மிஞ்சும். மவுண்ட் அட்டைக்கும் கையெழுத்துக்கும் அது போதாது. சுற்றிலும் இரண்டு அங்குல வெள்ளை ஓரத்தோடு ஏ3 படம் வேண்டுமென்றால் உங்களுக்குத் தேவை 17 அங்குல பிரிண்டர்.

கோப்பின் அளவையும் பாருங்கள். அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் ஏ3க்கு 3508×4961, ஏ2வுக்கு 4961×7016 பிக்சல் வேண்டும். 6000×4000 பிக்சல் கொண்ட 24 மெகாபிக்சல் படம் ஏ2 நீளத்துக்கு வரும்போது அங்குலத்துக்குச் சுமார் 256 பிக்சல் ஆகும். சுவரில் தொங்கும் படத்துக்கு அது தாராளம்.

அடுத்து எண்ணிக்கை. மாதத்துக்கு நாலைந்து அச்சுதான் என்றால் பிரிண்டரே வேண்டாம், நல்ல லேபில் கொடுத்து வாங்குங்கள். சும்மா நிற்கும் பிக்மென்ட் (நுண்துகள் மை) பிரிண்டர் தன்னைத் தானே சுத்தம் செய்துகொண்டே மையைக் குடிக்கும்.

2. பேப்பர்

பிரிண்டருக்கு முன்னால் பேப்பர் ஏன் வருகிறது? எந்தக் கறுப்பு மை, எந்த வழியாகத் தாள் நுழைவது, எவ்வளவு தடிமன் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுதான்.

- காட்டன் ராக்: பருத்தி நாரால் ஆனது, பெரும்பாலும் மேட், அதாவது பளபளப்பற்றது. வாட்டர்கலர், பென்சில், மென்மையான புகைப்படங்களுக்கு ஏற்றது. ஹானமூலே ஃபோட்டோ ராக் 308 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 308 கிராம்) இந்த வகையில் எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கும் தாள்.
- ஆல்ஃபா செல்லுலோஸ்: மரக்கூழிலிருந்து லிக்னினை நீக்கிச் செய்தது. பருத்தியைவிட விலை குறைவு. அமிலமற்றதாக இருந்தால் நீண்ட காலம் நிற்கும்.
- பரைட்டா: பேரியம் சல்ஃபேட் பூச்சுள்ள, மெல்லிய பளபளப்பு கொண்ட தாள். கறுப்பு ஆழமாக விழும் என்பதால் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இதையே முதலில் முயலுங்கள்.
- ஆர்சி ஃபோட்டோ பேப்பர்: இருபுறமும் பிளாஸ்டிக் படலம் உள்ளது, ஸ்டூடியோக்களில் ஓடுவது. சோதனை அச்சுக்கும் ஆல்பத்துக்கும் சரி. "நுண்கலை அச்சு" என்று சொல்லி இதை விற்காதீர்கள்.

தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர்பொருளை ஓபிஏ என்பார்கள். அது புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தச் சக்தி தீர்ந்து தாள் மஞ்சளாகத் தெரியும். மை அப்படியே இருந்தாலும் படம் பழசாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க, ரூபாய் நோட்டுப் பார்க்கும் யுவி டார்ச் போதும். இருட்டறையில் அடித்துப் பாருங்கள். பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் ஓபிஏ நிறைய இருக்கிறது. மங்கலாக, சற்று மஞ்சள் சாய்ந்து தெரிந்தால் இல்லை, அல்லது மிகக் குறைவு.

ஓவியக் கடையில் விற்கும் வாட்டர்கலர் தாள் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இங்க்ஜெட்டுக்கு ஆகாது. அதில் மையைப் பிடித்து நிறுத்தும் பூச்சு கிடையாது. மை நாருக்குள் இறங்கி, கறுப்பு சாம்பலாகவும் ஓரங்கள் பஞ்சு போலவும் ஆகிவிடும். அட்டையில் "இங்க்ஜெட் கோட்டட்" என்று இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். 25 தாள் பெட்டிக்குப் பதில் முதலில் சாம்பிள் பேக் வாங்குவது நல்லது. இரண்டு தாளைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஓராண்டுக்கு வேறு பக்கம் திரும்பாதீர்கள். தாளை மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு நிறம் கைக்கு அகப்படுவதே இல்லை.

3. மை: டையா, பிக்மென்டா

டை இங்க்கில் நிறம் நீரில் கரைந்திருக்கிறது. தனித்தனி மூலக்கூறுகளாக இருப்பதால் ஒளியும் காற்றிலுள்ள ஓசோனும் அவற்றை எளிதில் உடைத்துவிடுகின்றன. பிக்மென்ட் இங்க்கில் நிறம் நுண்துகள்களாக மிதக்கிறது. துகளின் வெளிப்பகுதி அடிபட்டாலும் உள்ளே இருப்பது தப்பிக்கும். ஃபோட்டோ பிரிண்டர்களில் துகள் மேல் பிசின் உறையும் உண்டு. விற்பனைக்கான அச்சு என்றால் பிக்மென்ட்தான், யோசிக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது இரண்டு இடங்களில் ஏமாறுகிறார்கள். முதலாவது, இங்க் டேங்க் ஃபோட்டோ பிரிண்டர்கள். பெட்டியில் "பிக்மென்ட் பிளாக்" என்று இருக்கும். கறுப்பு ஒன்றுதான் பிக்மென்ட், மற்ற நிறங்கள் டை. எப்சன் எல்8050, எல்18050 போன்ற ஆறு நிற டேங்க் பிரிண்டர்கள் முழுக்க டையில் ஓடுபவை. ஆல்பத்துக்கும் பாஸ்போர்ட் ஃபோட்டோவுக்கும் அருமையானவை, சுவருக்கு அல்ல. இரண்டாவது, அலுவலக பிரிண்டர்கள். சிலவற்றில் நான்கு நிறமும் பிக்மென்டாகவே இருக்கும். ஆனால் சாம்பல் மையும் வெளிர் நிற மைகளும் இல்லாததால் தோலின் நிறமும் வானத்தின் சரிவும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

"200 ஆண்டு மங்காது" என்பது போன்ற எண்ணைப் பார்த்தால், எந்தப் பேப்பரில், எந்த நிலையில் என்று கேளுங்கள். ஆல்பத்துக்குள் இருட்டில், கண்ணாடி ஃப்ரேமுக்குள், வெறும் சுவரில் என்று மூன்று நிலைகளுக்கும் எண் பெரிதும் மாறும். விளம்பரத்தில் வருவது மூன்றில் பெரியதாகத்தான் இருக்கும். இத்துறையில் பலரும் மேற்கோள் காட்டும் அமெரிக்காவின் வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச் சோதனைகள், நாளுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் ஒளி என்று வைத்துக் கணக்கிடுகின்றன. உங்கள் சுவரில் 900 லக்ஸ் விழுந்தால் ஆண்டுக் கணக்கு ஏறத்தாழப் பாதியாகும். ஜன்னலை ஒட்டிய சுவரில் பகலில் ஆயிரக்கணக்கான லக்ஸ் விழுவது சாதாரணம். அருங்காட்சியகங்கள் தாள் படைப்புகளுக்குச் சுமார் 50 லக்ஸோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

வேறு கம்பெனி பிக்மென்ட் மை பாதி விலைக்குக் கிடைக்கும். மூன்று பிரச்சினைகளைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். பேப்பர் கம்பெனிகள் இலவசமாகத் தரும் ப்ரொஃபைல் (பிரிண்டருக்கும் தாளுக்கும் ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் கோப்பு) அதற்குப் பொருந்தாது. பாட்டிலுக்குப் பாட்டில் நிறம் மாறலாம். நீடிப்புக்குச் சுயேச்சையான சோதனை பெரும்பாலும் இருக்காது. நீங்களே ஒரு சோதனை செய்யலாம்: ஒரே தாளில் அசல் மையிலும் மாற்று மையிலும் ஒரே வண்ணப் பட்டையை அச்சிட்டு, இரண்டிலும் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் இரண்டு மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். அட்டையை எடுத்ததும் வித்தியாசம் தெரியும். வழக்கமாக முதலில் விழுவது மஞ்சளும் மெஜந்தாவும்.

டை மையில் ஓடிய பிரிண்டரில் பிக்மென்டை ஊற்றிப் பார்க்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். குழாயிலும் ஹெட்டிலும் (மையைத் தாளில் தெளிக்கும் பகுதி) மிஞ்சியிருக்கும் பழைய மையோடு கலந்து துகள் திரண்டால், மை வெளிவரும் நுண்துளையான நாசில் அடைக்கும். டைக்கென்று வடிவமைத்த ஹெட்டும் அதைச் சுத்தம் செய்யும் முறையும் துகள் மைக்கு ஈடுகொடுப்பதில்லை.

4. பிரிண்டர்

இப்போது பட்டியல் தானாகவே சுருங்கியிருக்கும். 13 அங்குலத்தில் எப்சன் ஷ்யூர்கலர் பி700, கேனான் இமேஜ்ப்ரோகிராஃப் ப்ரோ-300. 17 அங்குலத்தில் எப்சன் பி900, கேனான் ப்ரோ-1000. கேனானில் இவற்றுக்கு அடுத்து வந்த மாடல்களும் இதே போக்கில்தான் இருக்கின்றன. எல்லாமே பிக்மென்ட், எல்லாவற்றிலும் சாம்பல் மை உண்டு. படத்தின் தரத்தில் இவற்றுக்குள் இருக்கும் வேறுபாடு, தவறான ப்ரொஃபைல் உண்டாக்கும் வேறுபாட்டுக்கு முன் ஒன்றுமே இல்லை. ஆகவே கீழே சொல்பவற்றை வைத்து முடிவு செய்யுங்கள்.

கார்ட்ரிட்ஜ் கொள்ளளவு: ப்ரோ-300இல் 14.4 மி.லி., பி700இல் 25, பி900இல் 50, ப்ரோ-1000இல் 80. கொள்ளளவு கூடக்கூட மில்லி லிட்டருக்கான விலை குறையும். முழுப்பரப்பு அச்சுக்குச் சதுர மீட்டருக்கு 10 முதல் 15 மி.லி. மை என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஏ3 ஒன்றுக்கு ஒன்றரை மி.லி. வரும். சுத்தம் செய்வதில் போகும் மையை இதற்கு மேல் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா நிறமும் ஒன்றாகத் தீராது. வெளிர் மைகள் முதலில் தீரும். அவற்றில் ஒரு செட் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

இரண்டு கறுப்பு: மேட் தாளுக்கு மேட் பிளாக், பளபளப்புத் தாளுக்கு ஃபோட்டோ பிளாக். பி700, பி900 வந்த பிறகு எப்சனில் இரண்டுக்கும் தனி வழி இருக்கிறது. பழைய பி600, பி800இல் இரண்டும் ஒரே வழியில் போகும், மாற்றும் ஒவ்வொரு முறையும் மை வீணாகும். செகண்ட் ஹேண்டில் மலிவாக வருகிறதே என்று எடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஹெட்: கேனானுடையது சூடாக்கி மையைத் தள்ளுவது. காலப்போக்கில் தேயும், ஆனால் நாமே கழற்றி மாற்றிவிடலாம். எப்சனுடையது பீசோ வகை, மின்சாரத்தில் அசையும் படிகம் மையைத் தள்ளும். நீண்ட நாள் உழைக்கும், ஆனால் கெட்டால் சர்வீஸ் ஆள் வந்தாக வேண்டும், செலவும் அதிகம். உங்கள் ஊரில் எந்தக் கம்பெனியின் சர்வீஸ் நடக்கிறது என்பதே பல நேரம் முடிவைச் சொல்லிவிடும். டீலரிடம் விலை கேட்கும்போதே ஹெட், கழிவு மைப் பெட்டி, முழு செட் கார்ட்ரிட்ஜ் மூன்றுக்கும் விலையும் காத்திருக்க வேண்டிய நாளும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பட்ஜெட் போடும்போது பிரிண்டர் விலையோடு ஒரு முழு செட் மையையும் சேர்த்தே போடுங்கள். குழாய் வழியாக மை செல்லும் மாடல்களில், கூட வரும் கார்ட்ரிட்ஜின் கணிசமான பங்கு முதல் நாளே குழாய்களை நிரப்பப் போய்விடும்.

5. வைக்கும் இடமும் சுவிட்சும்

பிரிண்டருக்கு உகந்த ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம். ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மை காய்வதைவிடத் தாள் நமத்துப்போவதுதான் தொல்லை. மேட் தாளின் ஓரம் அலையாக எழும்பி ஹெட்டில் உரசும். தாளை அதன் உறையிலேயே சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் நிலைமை நேர்மாறு: காற்று காய்ந்து நாசில் அடைக்கும். ஏசி காற்று நேராகப் பிரிண்டர் மேல் விழக்கூடாது.

மின் சுவிட்சை அணைக்கும் பழக்கம்தான் நம் ஊரில் அதிக ஹெட்டுகளைக் காவு வாங்குவது. அச்சு முடிந்ததும் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் ஹெட் மூடிக்குள் போய் உட்காராமல் பாதி வழியில் நின்றுவிடும். மறுநாள் காலைக்குள் மை காய்ந்திருக்கும். பிரிண்டரின் சொந்தப் பட்டனை அழுத்தி, ஓசையெல்லாம் அடங்கும் வரை காத்திருங்கள். அதன் பிறகும் சுவர் மின்சாரத்தை அப்படியே விட்டுவைப்பது மேல். கரன்ட் அடிக்கடி போகும் இடமென்றால் யுபிஎஸ் கட்டாயம்.

வாரத்துக்கு ஒரு முறையாவது எல்லா நிறமும் ஓடும்படி ஒரு சிறு படத்தை அச்சிடுங்கள். நாசில் செக்கில் கோடு விட்டுப்போயிருந்தால் ஒரு முறை ஹெட் கிளீனிங், மறுபடி செக். இரண்டாவது முறையும் சரியாகவில்லை என்றால் சில மணி நேரம் அப்படியே விடுங்கள், காய்ந்த மை ஊறி இளகும். அடுத்தடுத்துப் பத்து முறை கிளீனிங் போட்டால் கார்ட்ரிட்ஜ் காலியாகும், கழிவுப் பெட்டி நிரம்பும், சில சமயம் காற்று உள்ளே போய் இன்னும் மோசமாகும்.

6. மானிட்டர்

"அச்சு இருட்டாக வருகிறது" என்ற புகாரில் பெரும்பாலும் அச்சின் மேல் தப்பில்லை, மானிட்டர்தான் அதிக வெளிச்சத்தில் இருக்கிறது. கடையிலிருந்து வந்தபடியே விட்ட திரை 250, 300 நிட்ஸில் (திரை வெளிச்சத்தின் அளவு) எரியும். அச்சோடு ஒத்துப்போக 80 முதல் 120 நிட்ஸ் போதும். அளவிடும் கருவியால் காலிப்ரேட் செய்து, வெண்மையை டி65 (பகல் ஒளியின் வெண்மை), காமாவை (நடுத்தர ஒளியின் அளவு) 2.2 என்று வையுங்கள். கருவி இல்லையென்றால், நல்ல விளக்கின் கீழ் வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டின் வெண்மையும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும் வரை திரையைக் குறையுங்கள். துல்லியம் வராது, ஆனால் பாதித் தொல்லை தீரும்.

7. ப்ரொஃபைலும் அச்சு அமைப்பும்

1. கோப்பு ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீலம் என்ற நிறமுறை) இருக்கட்டும். ஆஃப்செட் அச்சகப் பழக்கத்தில் பலர் சிஎம்ஒய்கேவுக்கு (நான்கு மை நிறமுறை) மாற்றிவிடுகிறார்கள். இங்க்ஜெட் டிரைவர் எதிர்பார்ப்பது ஆர்ஜிபி. மாற்றினால் பத்து மைகளால் தர முடிந்த நிறங்களை நீங்களே வெட்டி எறிகிறீர்கள்.
2. உங்கள் பிரிண்டர் மாடலுக்கும் தாளுக்கும் உரிய ஐசிசி ப்ரொஃபைலைப் பேப்பர் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்குங்கள். கூடவே வரும் குறிப்பில் டிரைவரில் எந்த மீடியா டைப் (தாள் வகை) தேர்வு செய்ய வேண்டும் என்று இருக்கும். இரண்டும் ஜோடி. எவ்வளவு மை ஊற்றுவது, எந்தக் கறுப்பு என்பதை மீடியா டைப்தான் முடிவு செய்கிறது. ப்ரொஃபைல் சரியாக இருந்து மீடியா டைப் தவறினால் எல்லாம் தவறும்.
3. சாஃப்ட் ப்ரூஃபில், அதாவது அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் முன்னோட்டத்தில் பாருங்கள். ரெலடிவ் கலரிமெட்ரிக், பெர்செப்சுவல் என்ற இரண்டு ரெண்டரிங் முறைகளையும் (தாளில் வராத நிறங்களைச் சமாளிக்கும் வழிகள்) மாற்றி மாற்றிப் பார்த்து, அந்தப் படத்துக்கு எது நன்றாக இருக்கிறதோ அதை எடுங்கள். பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் ஆன் செய்யப்பட்டிருக்க வேண்டும்.
4. நிறத்தை ஃபோட்டோஷாப் கவனிக்கிறது என்று தேர்வு செய்துவிட்டு, டிரைவரில் நிற மேலாண்மையை ஆஃப் செய்யுங்கள். இரண்டும் ஓடினால் திருத்தம் இரட்டிப்பாகும். முழுப் படத்திலும் மெஜந்தா ஏறியிருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

8. முதல் அச்சு

சாதாரணத் தாளில் நாசில் செக் செய்யுங்கள். விலையுயர்ந்த தாளில் பாதியில் கோடு விழுந்த பிறகு செக் செய்து பயனில்லை.

பூச்சுள்ள பக்கம் எது என்று தெரியாவிட்டால், லேசாக ஈரமான விரலைத் தாளின் மூலையில் வையுங்கள். ஒட்டும் பக்கம்தான் அச்சுப் பக்கம். பருத்தித் தாளை மென்மையான, அகலமான பிரஷ்ஷால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். வெட்டும்போது ஒட்டிய நார்த்தூசி மேல் மை விழுந்து, பிறகு தூசி உதிர்ந்தால் கறுப்பு வானத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கும். மூலை வளைந்திருந்தால் எதிர்ப்பக்கமாக மெதுவாகச் சுருட்டிச் சமப்படுத்துங்கள். தடித்த தாளை அடித்தட்டில் வைக்கக்கூடாது, அதற்கென்று உள்ள நேர்வழியில் ஒவ்வொன்றாகச் செருகுங்கள்.

முழு அளவில் இறங்கும் முன், படத்தின் இருண்ட பகுதியும் வெளிச்சப் பகுதியும் முக்கியமான நிறமும் வரும் ஒரு துண்டை அதே தாளின் ஏ4இல் அச்சிடுங்கள். அதைக் குறைந்தது அரை மணி நேரம் கழித்து, 5000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தைச் சரியாகக் காட்டும் திறன்) 90க்கு மேல் உள்ள விளக்கில் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது இருளின் நுணுக்கம் வேறு மாதிரித் தெரியும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

தவறுகளின் முகம்:

- சீரான இடைவெளியில் கிடைக்கோடு: நாசில் அடைப்பு, அல்லது ஹெட் அலைன்மென்ட்.
- ஓரத்தில் மை தேய்ந்த கறை: தாள் வளைந்திருக்கிறது. ஹெட்டுக்கும் தாளுக்கும் இடையிலான பிளாட்டன் இடைவெளியை ஒரு படி கூட்டுங்கள்.
- மேட் தாளில் கறுப்பு தூசி படிந்த சாம்பலாக: பளபளப்புத் தாளுக்கான மீடியா டைப் தேர்வாகி ஃபோட்டோ பிளாக் ஓடியிருக்கிறது.
- பளபளப்புத் தாளில் தொட்டால் கையில் வரும் கறுப்பு: மேலே சொன்னதன் மறுதலை.
- சாய்த்துப் பார்த்தால் செம்பு நிற மினுக்கம்: பளபளப்புத் தாளில் பிக்மென்டின் இயல்பு. கேனானின் குரோமா ஆப்டிமைசர் இதைக் குறைக்கும். கண்ணாடிக்குள் போனால் பெரும்பாலும் தெரியாது.

9. உலர்த்தல், ஃப்ரேம், பதிவேடு

தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், நம்பாதீர்கள். மையிலுள்ள கிளைக்கால் மெதுவாக ஆவியாகிறது. அவசரமாகக் கண்ணாடி போட்டு மூடினால் சில வாரத்தில் கண்ணாடியின் உள்பக்கம் பனிப்படலம் போல வெளுக்கும். வாடிக்கையாளர் அச்சு கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொண்டுவருவார். ஒரு மணி நேரம் திறந்து வைத்துவிட்டு, மேலே சாதாரண வெள்ளைத் தாளைப் பரப்பி 24 மணி நேரம் விடுங்கள். மேல்தாள் நெளிந்திருந்தால் அது இன்னும் ஈரம் வாங்குகிறது என்று பொருள். தாளை மாற்றி இன்னொரு நாள் வையுங்கள்.

ஃப்ரேம் கடையில் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: அமிலமற்ற மவுண்ட் அட்டை, கண்ணாடி அச்சைத் தொடாத இடைவெளி, அச்சின் மேல் செலோடேப்போ ஃபெவிகாலோ கூடாது. பின்பக்கம் பிளைவுட் வைப்பதாக இருந்தால் இடையில் அமிலமற்ற அட்டை ஒன்று வர வேண்டும். மழைக்காலத்தில் ஓதமேறும் வெளிச்சுவரிலும் மேற்கு வெயில் படும் சுவரிலும் மாட்ட வேண்டாம் என்று வாங்குபவரிடமும் சொல்லுங்கள். கையெழுத்து மேட் தாளில் பென்சிலால், பளபளப்புத் தாளில் பிக்மென்ட் பேனாவால்.

ஒவ்வொரு படத்துக்கும் கோப்பின் பெயர், தாள், பெட்டியின் பேட்ச் எண், ப்ரொஃபைல், மீடியா டைப், ரெண்டரிங் முறை, தேதி இவற்றை நோட்டில் எழுதி, சோதனைத் துண்டையும் அதே பக்கத்தில் கிளிப் போட்டு வையுங்கள். 25 பிரதி என்று அறிவித்து விற்ற படத்தின் ஆறாவது பிரதியை ஒருவர் ஓராண்டு கழித்துக் கேட்பார். அது முதல் ஐந்தோடு ஒத்திருக்க வேண்டும். டிரைவரோ கணினியோ அப்டேட் ஆகி அமைப்பெல்லாம் அழிந்திருந்தாலும் அந்த நோட்டை வைத்து மீட்டுவிடலாம்.